வில்லைகளை அளந்த எர்னஸ்ட் அபே

துணியின் தரமறிய விரும்பும் வணிகர், சிறியதொரு வில்லையை அதன்மேல் வைத்து, ஓர் அங்குலத்தில் பாவிழை எத்தனை, ஊடிழை எத்தனை என்று எண்ணிப் பார்ப்பர். தறியோசை கேட்டே வளரும் காஞ்சிமாநகரத்தார்க்கு இது புதிதன்று. வில்லைகொண்டு நெசவை அளக்கலாம். அவ்வில்லையையே அளப்பது எவ்வாறு? இழைபோல் நெருங்கிய கோடுகளை அதன்முன் நிறுத்தி, எத்துணை நெருக்கம்வரை அவற்றைப் பிரித்துக் காட்டுகின்றதெனக் காண்பதே வழி. இந்நாளில் புகைப்படக் கருவியின் வில்லைகளை ஆய்வுக்கூடத்தில் ஒப்பிடுவோர், ஒரு மில்லிமீட்டர் அகலத்துள் 10, 20, 40 என இணைகோடுகளை அடுக்கி, கருமைக்கும் வெண்மைக்கும் உள்ள வேற்றுமை படத்தில் எவ்வளவு எஞ்சுகின்றதெனக் கணக்கிடுகின்றனர். வில்லைத் தொழிலைக் கைப்பழக்கத்தினின்று பிரித்து அளவையின்மேல் நிறுத்தியவருள் தலையாயவர் எர்னஸ்ட் அபே. அன்னார் ஒரு நூற்பாலைத் தொழிலாளியின் மைந்தர் என்பதால், அவர் வரலாற்றை யாம் ஈண்டு எழுதப் புகுந்தோம்.

அபே 1840-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் நாள் ஜெர்மனியிலுள்ள ஐசனாக் நகரிற் பிறந்தார். அவ்வூருக்கு மேலுள்ள வார்ட்பர்க் கோட்டையிலிருந்தே மார்ட்டின் லூத்தர் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியிற் பெயர்த்தார். இசைப்பேரறிஞர் பாக் பிறந்ததும் அவ்வூரே. ஆயினும் ஏழைச்சிறுவன் அபேக்கு அவ்வூரின் முகம் நூற்பாலையின் முகமாகவே இருந்தது. அவர் தந்தை நாடோறும் பதினான்கு மணி முதல் பதினாறு மணி வரை நின்றுகொண்டே உழைத்தார். நண்பகலுணவைச் சுமந்து செல்லும் மகன் அருகில் நிற்க, தந்தை பொறியின்மேற் சாய்ந்தபடியே விரைந்து உண்டு, கலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மீண்டும் வேலையிற் புகுவார். ஐம்பதாண்டு நிறையுமுன்னே அவ்வுடல் முதுமையுற்றுத் தளர்ந்ததைக் கண்ட மகன், தம் வாழ்நாள் முழுதும் அதனை மறந்திலர்.

ஆலை முதலாளியார் உதவியாற் கல்வி பயின்ற அபே, யெனாவிலும் கோட்டிங்கனிலும் கணிதமும் பௌதிகமும் கற்று, 1861-இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1863-இல் யெனாப் பல்கலைக் கழகத்தில் விரிவுரையாளரானார். அவ்வூரில் 1846 முதற் பட்டறை நடத்திவந்த கார்ல் சைஸ் என்பார் 1866-இல் அவரை நாடி வந்தார்.

சைஸ் பட்டறையில் அக்காலத்து நுண்ணோக்கி செய்த முறை கேட்கத்தக்கது. கைதேர்ந்த வினைஞர் பல வில்லைகளைத் தேய்த்து வைத்துக்கொண்டு, ஒன்றனோடு ஒன்றைச் சேர்த்து நோக்கி, உரு தெளியாவிடின் மாற்றி, மீண்டும் நோக்கி, தெளியும்வரை முயல்வர். நல்ல கருவி கிடைப்பது வினைஞன் கையையும் நற்பேற்றையும் பொறுத்தது. மறுமுறை அதுபோல் ஒன்று செய்தல் அரிது. கணக்கிட்டே வில்லை செய்யலாகாதா என்பது சைஸின் ஏக்கம். அபே கணக்கிட்டார். அக்கணக்கின்படி தேய்த்த வில்லைகளோ பழைய வில்லைகளினும் தாழ்ந்தனவாய் அமைந்தன! வினைஞர் உள்ளூர நகைத்திருப்பர் என்றே யாம் கருதுகின்றோம்.

பிழை கணக்கிலன்று. குறைகளைக் களைவதற்காக அபே வில்லையின் வாயைக் குறுக்கியிருந்தார். நுண்ணிய கோடுகளினூடு புகும் ஒளி நேரே செல்லாது இருமருங்கும் விரிந்து சிதறுகின்றது. கோடு நுண்ணிதாகுந்தோறும் விரிவும் மிகும். அவ்விரிந்த ஒளியை வில்லை வாங்கிக்கொள்ளாவிடின், எவ்வளவு பிழையற்றதாயினும் அக்கோடு உருப்பெறாது. இதனை ஆராய்ந்தறிந்து 1873-இல் அவர் வெளியிட்டார். ஒளியலையின் நீளத்தில் ஏறத்தாழப் பாதிக்குக் குறைந்த இடைவெளியை அத்தகைய கருவி பிரித்துக் காட்டாதென்ற வரம்பும் அதனாற் புலனாயிற்று. அதற்கு ஓராண்டு முன்னரே பட்டறையின் நுண்ணோக்கி வில்லைகள் யாவும் கணக்கின்வழிச் செய்யப்பட்டன.

கணக்கு மட்டும் போதாது. செய்த பொருள் கணக்கோடு ஒத்துளதாவென்று காணல் வேண்டும். கண்ணாடி ஒளியை வளைக்கும் அளவைக் காணவும், வில்லையின் குவியத் தொலைவைக் காணவும், அதன் வாயின் விரிவைக் காணவும் அபே தனித்தனிக் கருவி அமைத்தார். அவர் வகுத்த தேர்வுத் தகடு எளிமையிற் சிறந்தது: கண்ணாடியின்மேல் மெல்லிய வெள்ளிப் பூச்சு, அதிற் கீறிய கோடுகள், மேலே ஒருபுறம் மெலிந்து மறுபுறம் தடித்த மூடுதகடு. ஒளியைச் சாய்த்துவிட்டுக் கோட்டின் விளிம்பை நோக்கின், வில்லையின் நடுவும் ஓரமும் ஒத்துழைக்கின்றனவா, நிறக்கறை எவ்வளவு என்பன தோன்றிவிடும். வில்லையைப் புகழ்வார் சொல்லுக்கு அங்கே வேலையில்லை.

நல்ல கண்ணாடியின்றி மேலே செல்லல் இயலாதெனக் கண்டு, ஓட்டோ ஷாட் என்னும் இரசாயன அறிஞரோடு கூடினார். 1884-இல் யெனாவிற் கண்ணாடித் தொழிற்சாலை எழுந்தது. அப்புதுக் கண்ணாடிகளைக்கொண்டு 1890 முதல் புகைப்பட வில்லைகளும் சைஸ் நிறுவனத்திற் பிறந்தன. அபேயின் உதவியாளர் பவுல் ருடால்ஃப் 1896-இல் பிளானர் என்பதையும், 1902-இல் நான்கே கண்ணாடியாலாகிய டெஸ்ஸாரையும் வகுத்தார். புகைப்படக்காரர் பலர்க்கு அப்பெயர்கள் இன்றும் பழக்கமானவையே.

1888-இல் சைஸ் இறந்தார். பெருஞ்செல்வம் அபே கையில் வந்தது. அது பலர் உழைப்பால் விளைந்ததென்று எண்ணி, 1889-இல் சைஸ் பெயரால் அறக்கட்டளை நிறுவி, 1891-இல் தம் பங்கனைத்தையும் அதற்கே உரிமையாக்கினார். சமயமோ குலமோ அரசியலோ பார்த்து ஆளெடுத்தல் கூடாதென்றும், தலைமை அதிகாரியின் ஊதியம் தொழிலாளரின் சராசரிக் கூலியிற் பத்து மடங்கை மிஞ்சலாகாதென்றும் 1896-ஆம் ஆண்டு விதிகள் அமைந்தன.

1900-இல் ஒன்பது மணி வேலையை எட்டாகக் குறைத்தார். ஈண்டும் அவர் இரக்கத்தை மட்டும் நம்பினாரல்லர். வில்லையை ஆய்ந்த வழக்கப்படியே ஆய்ந்தார். செய்த வேலைக்கேற்பக் கூலி பெறும் 233 தொழிலாளரின் கணக்கை மாற்றத்திற்கு முன்னும் பின்னும் ஓராண்டு வைத்து ஒப்பிட்டார். ஒருமணி நேர உழைப்பின் பயன் நூற்றுக்குப் பதினாறு உயர்ந்திருந்தது. ஆகவே எட்டுமணியில் விளைந்தது முன்னை ஒன்பதுமணி விளைவினும் சற்று மிகுதி. நம் நகரத்துக் குழித்தறி நெசவாளரும் சேலைக்கே கூலி பெறுவோர். தறி வீட்டிலேயே இருத்தலின், வேலை தொடங்கும் மணியும் முடியும் மணியும் குறிப்பாரில்லை. இத்தகைய கணக்கு அவர்க்கு எவரேனும் எடுப்பரேல் யாது வெளிப்படுமோ?

1905-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் அபே யெனாவில் உயிர்நீத்தார். அவ்வூரில் அவர்க்கெடுத்த நினைவுக் கல்லில், வில்லையின் வரம்பு கூறும் அவரது சூத்திரம் பொறிக்கப்பட்டுள்ளது.