ஒளியையும் கண்ணையும் ஆராய்ந்த சர் சி. வி. இராமன்

ஒளியியல் பாடத்தில் இராமன் விளைவைப் பற்றிப் படித்தோம். அதைக் கண்டறிந்த அன்னார் தம் முதுமையில் மனிதக் கண்ணையும் ஆராய்ந்தவர் என்பதை நம்மில் பலர் அறியோம்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் 1888-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் பிறந்தார் சந்திரசேகர வேங்கட இராமன். தந்தையார் கல்லூரி ஆசிரியர். விசாகப்பட்டினத்தில், நம் பள்ளியைப் போன்றதொரு கத்தோலிக்கப் பள்ளியாகிய புனித அலோசியஸ் பள்ளியில் பயின்றார். சென்னை மாநிலக் கல்லூரியில் 1904-இல் பி.ஏ., 1907-இல் எம்.ஏ. தேறி, நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா சென்றார். அலுவலகம் தொடங்குமுன்னும் முடிந்தபின்னும் பௌபஜார் தெரு ஆய்வுக்கூடமே கதியென்று கிடந்தார். 1917-இல் அப்பெரிய உத்தியோகத்தைத் துறந்து, குறைந்த சம்பளத்தில் பேராசிரியரானார். வீட்டில் என்ன சொன்னார்களோ!

1928-இல் அவரும் கே. எஸ். கிருஷ்ணனும் செய்த சோதனையில் முதற்கருவி கண்தான். சூரிய ஒளியை ஊதா வடிகட்டி வழியே திரவத்தினுள் செலுத்தி, அதில் சிதறும் ஒளியைப் பச்சை வடிகட்டி வழியே நோக்கினார்கள். ஒன்றும் தெரியக்கூடாது; ஆயினும் மிக மங்கலாக ஓர் ஒளி தெரிந்தது. வெயிலிலிருந்து நேரே வந்த கண்ணுக்கு அது புலப்படாது. இருட்டில் நெடுநேரம் பழகிய கண்ணே காணும். பிப்ரவரி 28 அன்று கண்டுபிடிப்பு உறுதியாயிற்று. 1930-இல் நோபல் பரிசு கிடைத்தது.

1948-இல் பெங்களூரில் தம் பெயரால் ஆய்வு நிலையம் நிறுவினார். 1960-களில் மலர்களின் நிறங்களிலும் பார்வையிலும் அவர் கருத்துச் சென்றது. வண்ண வடிகட்டி ஒன்றைக் கண்முன் பிடித்து, ஒளி மிகுந்த வெண்திரையை உற்று நோக்கி, வடிகட்டியைச் சட்டென விலக்குவார். தம் விழித்திரையின் உருவமே திரையில் தோன்றுவதாகக் கண்டார். பார்வையைப் பற்றி 1968-இல் நூலும் வெளியிட்டார். அப்போது வயது எண்பதை எட்டிக் கொண்டிருந்தது. மூன்று அடிப்படை நிறங்களைக் கொண்டே கண் எல்லா நிறங்களையும் உணர்கிறது என்ற கொள்கையை அவர் மறுத்தார்; அறிஞர் உலகம் அவர் மறுப்பை ஏற்கவில்லை. விழித்திரையில் மூவகைக் கூம்புச் செல்கள் இருப்பது 1964-லேயே சோதனைகளில் தெளிவாகியிருந்தது. அவர் தவறினார் என்று எழுதக் கை கூசுகிறது. ஆனால் உண்மை அதுதான்.

தம் கண்ணையே சோதித்துப் பார்த்த அவரைப் பற்றி அறிந்த பிறகு, வீட்டிலுள்ளோர் கண்களையும் கவனிக்கத் தொடங்கினோம். எங்களில் பலருடைய அன்னையர் பனியன் கம்பெனிகளில் செக்கிங் பார்ப்பவர்கள். வெள்ளைத் துணி வந்த நாளில் சிரமமில்லை. கறுப்புத் துணி வந்த நாளில் மாலையில் கண் எரிகிறது, தலை வலிக்கிறது என்பார்கள். டியூப்லைட் என்னவோ அதேதான்! கறுப்புத் துணி தன்மேல் விழும் ஒளியில் சிறு பங்கையே திருப்பித் தருகிறது. மங்கலில் கண்பாவை விரியும். லென்சின் ஓரங்கள் வழியாகவும் ஒளி புகுந்து உருவம் தெளிவிழக்கும். ஓட்டையோ நூலறுந்த கோடோ தெரிய வேண்டித் துணியை முகத்தருகே கொண்டுவரவே, கண்ணின் சிலியரித் தசைகள் ஓயாமல் இறுகி நிற்கும். நல்ல வெளிச்சத்தில் பாவை சுருங்கி உருவம் தெளிவாகும். ஆனால் விளக்கு கண்ணுக்கு நேரே தொங்கினால் கூச்சமே மிஞ்சும். எங்களில் ஒருத்தியின் தாயார் மேற்பார்வையாளரிடம் கேட்டு, விளக்கைச் சற்றுத் தாழ்த்திப் பக்கவாட்டில் மாட்டச் செய்தார். தலைவலி குறைந்திருக்கிறதாம், கண்ணெரிச்சல் முழுதும் போகவில்லை.

1970-ஆம் ஆண்டு நவம்பர் 21 அன்று இராமன் காலமானார். அவர் விரும்பியபடி ஆய்வு நிலையத் தோட்டத்திலேயே உடல் எரியூட்டப்பட்டது. நினைவு மண்டபம் எதுவும் எழுப்பவில்லை; அவ்விடத்தில் ஒரு மரம் நிற்கிறது.