படையுடன் சென்ற படக்கலைஞர்: ராஜா தீன் தயாள்

சென்னைப் படைகளைத் தொடர்ந்து செகந்தராபாத்துக்கு வந்து குடியேறிய தமிழர் பலராவர். நம் முன்னோர் கண்ட அந்தப் பழைய படைவீட்டையும் ஐதராபாத் அரசவையையும் இன்று நாம் காணச் செய்பவர் ராஜா தீன் தயாள்.

மீரத்தை அடுத்த சர்தானாவில் 1844-ஆம் ஆண்டு ஒரு ஜைனக் குடும்பத்தில் அவர் பிறந்தார். ரூர்க்கிப் பொறியியற் கல்லூரியில் பயின்று, 1866-இல் இந்தூர் மராமத்து இலாகாவில் அமர்ந்தார். 1874-ஆம் ஆண்டையொட்டிப் படக்கருவியைக் கையில் எடுத்தார். பின்னர் ஆறாம் நிஜாம் மகபூப் அலி கானின் ஆஸ்தானப் படக்கலைஞராகிச் செகந்தராபாத்தில் ஸ்டூடியோ நிறுவினார். ராஜா என்னும் பட்டமும் நிஜாம் அளித்ததே.

போரைப் படமாக்குவது அக்காலத்தில் எளிதன்று. 1855-இல் கிரிமியாவுக்குச் சென்ற ரோஜர் பென்டனும், 1858-இல் லட்சுமணபுரியில் படமெடுத்த பெலிச்சே பியாட்டோவும் ஈரத் தகடுகளையே பயன்படுத்தினர். தகடு உலருமுன் படமெடுத்துக் கழுவியாக வேண்டும்; ஆதலின் இருட்டறையும் உடன் செல்ல வேண்டும். பாய்ந்தோடும் குதிரை அத்தகட்டில் பதியாது. எனவே போர் முடிந்த களமும் அசையாது நின்ற வீரருமே படத்தில் அமைந்தனர். தீன் தயாள் தொழிலில் சிறந்த நாளில் உலர் தகடு வந்துவிட்டது. அவரும் பாசறைகளையும் அணிவகுப்புகளையும் படைப் பயிற்சிகளையும் படமெடுத்தார்.

இங்கே நாம் சிந்திக்க வேண்டியது ஒன்று உண்டு. படையோடு செல்பவர் படையின் கூடாரத்தில் உறங்குகிறார். அதன் சோற்றை உண்கிறார். அது காட்டும் இடத்தையே காண்கிறார். இன்று போர்முனைக்குப் படையுடன் செல்லும் செய்திப் படக்காரருக்கும் இந்நிலையே. தீன் தயாளின் படங்களில் படை மிடுக்குடன் நிற்கிறது. அதன் புண்ணை நாம் காண்பதில்லை.

தக்காணத்தில் பஞ்சம் நேர்ந்தபோதும் அவ்வாறே. நிஜாம் அரசின் நிவாரணப் பணிகளை அவரது நிலையம் படம் பிடித்தது. அன்று நிஜாம் ஆட்சியிலிருந்த அவுரங்காபாத்தில் எடுத்த அவ்வரிசையில் கண்ணாமூச்சி ஆட்டம் ஒன்றும் உண்டு. அரசின் அறத்தைக் காட்டவே அப்படங்கள் எழுந்தன. ஆயினும் அரசு பஞ்சத்தை எவ்வாறு காட்ட விரும்பியது என்பதற்கு அவையே சான்றாகிவிட்டன. இதற்காக அவரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அரசின் ஆதரவின்றி அத்தனை தகடுகளும் இருட்டறையும் ஆட்களும் அந்நாளில் ஒருவருக்கு வாய்ப்பது அரிது.

1905-இல் அவர் மறைந்தார். அவர் நிலையத்தின் 2,857 கண்ணாடித் தகடுகளை டில்லி இந்திரா காந்தி தேசியக் கலை மையம் 1989-இல் பெற்றுப் பேணி வருகிறது. 2006-இல் இந்திய அரசு அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது.

போர்ப்படம் ஒன்றைக் காணும்போது, இதை எடுத்தவர் எவர் கூடாரத்தில் தங்கியிருந்தார் என்று வினவ நம் சிறார்க்குக் கற்பிப்போமாக. அவ்வினாவோடு நோக்கினும் தீன் தயாளின் கலை குன்றாது. நம் பார்வையே தெளிவு பெறும்.