ஓவியர் வோல்ஸ்

உருவங்களை உள்ளவாறு தீட்டுதலே ஓவியம் என்று எண்ணும் நமக்கு, உருவற்ற கோடும் வண்ணமும் ஓருயிரின் துயரை உணர்த்தவல்லன என்பதை வோல்ஸின் வரலாறு அறிவுறுத்துகின்றது.

ஆல்பிரட் ஓட்டோ வோல்ப்காங் ஷுல்ட்ஸ் என்பது இவரது இயற்பெயர். 1913ஆம் ஆண்டு பெர்லின் நகரிற் பிறந்து டிரெஸ்டனில் வளர்ந்தார். பிடில் வாசிக்கவும் கற்றார். 1932இல் பாரிஸ் நகர் புகுந்து, நிழற்படம் எடுத்துப் பிழைத்தார். 1937இல் வந்த தந்தியொன்றிற் சிதைந்து வந்த தம் பெயரையே புனைபெயராகக் கொண்டார் என்பர்.

1939இல் போர் மூண்டது. ஹிட்லரின் ஆட்சியை வெறுத்து ஒதுங்கியவராயினும், ஜெர்மானியர் என்பதொன்றே குற்றமாக, பிரெஞ்சு அரசினர் இவரை ஓராண்டுக்கு மேல் முகாம்களில் அடைத்துவைத்தனர். ஆண்டும் சிறு தாள்களில் மையாலும் நீர்வண்ணத்தாலும் தம் உள்ளத்தெழுந்தவற்றை ஓயாது வரைந்தார். பிறந்த நாடும் புகுந்த நாடும் கைவிட்ட அவருக்கு அச்சிறு தாளே நாடாயிற்று. 1940இல் விடுதலை பெற்றார்.

போருக்குப்பின் பாரிஸுக்கு மீண்டு, பெரிய கித்தான்களில் எண்ணெய் வண்ணம் கொண்டு தீட்டலானார். வண்ணத்தை வழியவிட்டும், தெறிக்கவிட்டும், கீறியும் அவர் ஆக்கிய ஓவியங்கள் 1947இல் ரெனே துரூவேன் என்பாரது கலைக்கூடத்தில் வைக்கப்பெற்றன. அவற்றைக் கண்ட ஜார்ஜ் மத்தியூ என்னும் இளம் ஓவியர் பெரிதும் நெஞ்சங் கலங்கினார். கறையெனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லடியாகத் தாஷிசம் எனப் பெயர்பெற்ற ஓவிய நெறிக்கு வோல்ஸ் முன்னோடியாகக் கருதப்படுகின்றார்.

வறுமையும் மதுவும் உடலை அரித்திருக்க, கெட்டுப்போன இறைச்சியை உண்டமையால் நோயுற்று, 1951இல், தம் 38ஆம் வயதில் மறைந்தார். நான்காண்டு கழித்து, 1955இல், ஜெர்மனியின் காஸல் நகரில் நிகழ்ந்த பெருங் கண்காட்சியில் அவருடைய ஓவியங்கள் இடம்பெற்றன. வாழ்நாளில் அவருக்கு இடந்தராத தாய்நாடு, அவர் கைப்பட்ட தாளுக்கும் சீலைக்கும் இடந்தந்தது. கலைஞனை உயிரோடிருக்கும்போதே அறிந்து போற்றுதல் நம் கடனாகுக.