ஜான் பாய்டு டன்லப் சரிதம்

கண்ணாற் காணலாகாத காற்றினைப் பிடித்து, ரப்பர்க் குழாயில் அடைத்து, மனிதனையும் அவன் சுமையையும் அதன்மேல் ஏற்றி ஓடச் செய்யும் வழியை உலகிற்குப் பயன்படுத்தித் தந்தவர் ஜான் பாய்டு டன்லப் என்பவர். அவர் இயந்திர சாஸ்திரம் பயின்றவரல்லர், கால்நடை வைத்தியர். இராஜபாளையத்தினின்று ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் துவிசக்கர வண்டியிற் செல்லும் மாணவர் பலர், சக்கரத்தைச் சூழ்ந்த அக்காற்றைக் கருவேல முள் தைத்தபொழுதன்றி நினைப்பதில்லை. ஆதலின் அப்பெரியாரின் வரலாற்றைச் சுருக்கமாக ஈண்டு எழுதத் துணிந்தேன்.

டன்லப் 1840ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 5ஆம் நாள் ஸ்காத்லாந்து தேசத்தில் டிரெகார்ன் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்திற் பிறந்தார். எடின்பரோ நகரிற் கால்நடை மருத்துவம் கற்று, நம்மிற் பலர் இன்னும் கல்லூரிப் படியேறிக்கொண்டிருக்கும் பத்தொன்பதாம் வயதிலேயே வைத்தியராகத் தேர்ச்சி பெற்றார். 1867இல் அயர்லாந்து சென்று பெல்பாஸ்டு நகரில் வைத்தியசாலை அமைத்தார். அது நாளடைவில் அத்தேசத்துப் பெரிய கால்நடை வைத்தியசாலைகளுள் ஒன்றாக வளர்ந்தது.

அக்காலத்து வண்டிச் சக்கரங்கள் இரும்புப் பட்டையேனும் கெட்டி ரப்பரேனும் பூண்டவை. கல் பாவிய தெருக்களில் அவை ஓடுங்கால் ஒவ்வொரு கல்லும் ஏறியிருப்பவன் எலும்பைத் தாக்கும். டன்லப்பின் இளம் புதல்வன் தன் முச்சக்கர வண்டியில் இவ்வாறு அலைப்புண்பதைக் கண்ட தந்தை, 1887இல் இதற்கொரு பரிகாரந் தேடலானார். மெல்லிய ரப்பர்த் தகட்டைக் குழாயாக ஒட்டி, ஒரு மரவட்டத்தின் விளிம்பில் துணியாற் பொதிந்து பொருத்திக் காற்றேற்றினார். அதனையும் வண்டியின் பழைய சக்கரத்தையும் முற்றத்தில் ஒருங்கே உருட்டினார். பழைய சக்கரம் நடுவழியில் ஓய்ந்து வீழ்ந்தது. காற்றடைத்ததோ முற்றத்தின் எல்லைவரை ஓடி, மோதித் திரும்பிற்று. அதிர்ச்சியைத் தணிக்கத் தேடியவர்க்கு விரைவும் உடன் கிடைத்தது.

1888இல் அவர் தம் புத்தமைப்பிற்கு அரசாங்க உரிமைச் சாசனம் பெற்றார். மறு ஆண்டு மே மாதம் பெல்பாஸ்டு நகரத்துப் பந்தயங்களில் வில்லி ஹியூம் என்பவர் காற்று டயர் பூட்டிய வண்டியில் ஏறிப் பிறரை வென்றார். பருத்த அச்சக்கரங்களைக் கண்டு முதலில் நகைத்தவர்கள் பின்னர் அவற்றையே விரும்பி வாங்கலாயினர். ஹார்வி டூ குரோ என்னும் வணிகர் முன்வர, 1889இல் டப்ளின் நகரில் ஒரு கம்பெனி தொடங்கிற்று.

இந்நிலையில் ஓர் இடி வீழ்ந்தது. ராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் மற்றொரு ஸ்காத்லாந்தியர் 1845ஆம் ஆண்டிலேயே காற்றடைத்த சக்கரத்திற்குச் சாசனம் பெற்றிருந்தார் என்பது 1890இல் வெளியாயிற்று. டன்லப்பின் உரிமை செல்லாதாயிற்று. தாம்சனின் அறிவு குறைந்ததன்று. அவர் காலத்தில் துவிசக்கர வண்டி பரவவில்லை, மெல்லிய ரப்பரும் எளிதிற் கிடைக்கவில்லை. காலம் கனியுமுன் வந்தவர் அவர். கனிந்தபின் வந்தவர் டன்லப். கம்பெனியோ டயரை ரிம்மிற் பொருத்தும் முறைகளுக்கு வேறு இருவர் பெற்றிருந்த சாசனங்களை வாங்கிப் பிழைத்தது. டன்லப் சில ஆண்டுகளில் அதனின்றும் விலகினார். அவர் பெயர் உலகமெங்கும் பரவியது; நம் அம்பத்தூரிலும் அப்பெயர் தாங்கிய தொழிற்சாலை நெடுங்காலம் நடந்து, பின்னர் மூடப்பட்டது. ஆயினும் அப்பெயரால் விளைந்த பெருஞ்செல்வம் அவரைச் சாரவில்லை. 1921ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 23ஆம் நாள் அவர் டப்ளினிற் காலஞ்சென்றார்.

அவர் கண்ட தத்துவம் இன்றும் மாறவில்லை. வண்டியும் ஏறுபவனும் சேர்ந்து 180 பவுண்டு எடையாயின், சதுர அங்குலத்திற்கு 30 பவுண்டு அழுத்தமுள்ள காற்று, இரு டயர்களிலுமாக 6 சதுர அங்குல நிலத்தைத் தொட்டு அச்சுமையைத் தாங்கும். 60 பவுண்டாயின் 3 சதுர அங்குலமே தொடும். ஆதலின் இவ்விரண்டு ஊர்களையும் இணைக்கும் தார்ச் சாலைக்குச் சற்று மிகுந்த காற்றும், செண்பகத்தோப்பை நோக்கிச் செல்லும் மலையடிவாரப் பாதை போன்ற கல்வழிக்குக் குறைந்த காற்றும் ஏற்றவை. அகன்ற டயருள்ள மலைவண்டிக்குக் கல்வழியில் 25 முதல் 35 பவுண்டு வரை தகும். பின்சக்கரம் மிகுந்த பாரம் தாங்குவதால் அதற்கு இரண்டு மூன்று பவுண்டு கூட்டுதல் நலம். மிகக் குறைத்தாலோ, கல்லிற்கும் ரிம்மிற்கும் இடையே டியூப் நசுங்கிக் கிழியும்.

டியூப் இல்லாத டயராயின் நசுங்கும் அச்சம் நீங்கும்; காற்றை இன்னுஞ் சிறிது குறைக்கலாம். அதனுள் ரப்பர்ப் பாலில் நுண்துகள் கலந்த அடைப்புத் திரவத்தை ஒரு டயருக்கு ஏறக்குறைய 100 மில்லி லிட்டர் ஊற்றுவர். முள் தைத்த துளை வழியே காற்று வெளியேறும்பொழுது திரவமும் உடன் ஓடி, அங்கேயே உறைந்து துளையை அடைத்துவிடும். துகள்கள் புட்டியின் அடியில் தங்குமாதலின், நன்கு குலுக்கிய பின்னரே ஊற்ற வேண்டும். நம் பக்கத்து வெயிலில் அது விரைவில் உலருமாகையால், இரண்டு மூன்று மாதங்களுக்கொருமுறை பார்த்து மீண்டும் நிரப்புதல் வேண்டும். முள் மிகுந்த நம் கரிசல் பூமிக்கு இது பெரிதும் உதவுவது. எனினும் டயரின் பக்கச்சுவர் நெடுகக் கிழிந்தால் இத்திரவம் காவாது.

முதலிற் கண்டவர் தாம்சன்; உலகிற்கு வழங்கியவர் டன்லப்; பொருள் ஈட்டியவர் பிறர். ஒரு தொழிலின் பயன் அதைச் செய்தவர் கைக்கே வருமென்னும் நியதி உலகில் இல்லை. ஆயினும் தன் மகனது துன்பத்தை நீக்க முயன்ற ஒரு தந்தையின் அன்பு, கோடிக்கணக்கான மக்களின் பயணத்தை எளிதாக்கிற்று. தேர்வில் முதன்மையும் பட்டமும் நாடி உழைக்கும் நாம், நம் கல்வி யாருடைய வழியை இலகுவாக்கும் என்பதையும் சிந்தித்தல் தகும். பெயரும் பொருளும் வரினும் வாராதொழியினும், அவ்வுழைப்பு வீணாகாது.