விதைநெல்லைக் காக்கச் சொன்ன தாய்

போர் ஓய்ந்தபின் வென்ற நாடு வெற்றித் தூண் எழுப்பும். தோற்ற நாடு வீரர்க்கு நடுகல் நாட்டும். இரண்டிலும் மாண்டவனைப் பெற்றவர்களுக்குப் பெரும்பாலும் இடம் இருப்பதில்லை. பெற்றோரையே போரின் நினைவுச் சின்னமாக வடித்து வைத்தவர், ஜெர்மனி நாட்டு ஓவியரும் சிற்பியுமான கேத்தே கோல்விட்ஸ் அம்மையார்.

அம்மையார் 1867ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8ஆம் நாள் கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தார். அந்நகர் இன்று கலினின்கிராத் என்னும் பெயருடன் ருஷ்ய நாட்டில் உள்ளது. 1891இல் கார்ல் கோல்விட்ஸ் என்னும் மருத்துவரை மணந்து, பெர்லினில் தொழிலாளர் வாழ்ந்த பகுதியில் குடியேறினார். கணவரிடம் மருத்துவம் நாடி வந்த ஏழைப் பெண்களின் துயர் அவருடைய சித்திரங்களில் இடம்பெற்றது. நெசவாளர் கிளர்ச்சி பற்றிய அவருடைய சித்திர வரிசைக்கு 1898இல் பொற்பதக்கம் அளிக்குமாறு தேர்வுக் குழுவினர் பரிந்துரைத்தனர். பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் அதற்கு இசையவில்லை.

அம்மையாருக்கு ஹான்ஸ், பீட்டர் என மைந்தர் இருவர். 1914இல் முதல் உலகப் போர் மூண்டது. பதினெட்டே வயதான இளையவன் பீட்டர் படையில் சேர விரும்பினான். உரிய வயது நிரம்பாமையால் தந்தையின் ஒப்புதல் தேவைப்பட்டது. தந்தை மறுத்தார், தாயோ மகனுக்காகப் பரிந்து பேசி இசைவு பெற்றுத் தந்தார். அக்டோபர் 22ஆம் நாள் இரவு, பெல்ஜியத்தில் டிக்ஸ்மூய்ட என்னும் ஊரருகே பீட்டர் மாண்டான். தம் சொல்லே மகனைக் களத்திற்கு அனுப்பிற்று என்னும் எண்ணம் அத்தாயை அதன்பின் விட்டகலவில்லை.

அவ்வாண்டு இறுதியிலேயே மகனுக்கு நினைவுச் சிற்பம் ஒன்று வடிக்கத் தொடங்கினார். மாண்டு கிடக்கும் மகனும் அவனருகே பெற்றோரும் என்பது முதலில் கொண்ட கருத்து. மனம் நிறைவுறாது 1919இல் அப்பணியைக் கைவிட்டார். பின்னர் மீண்டும் தொடங்கியபோது மகனின் உருவத்தை நீக்கிவிட்டுப் பெற்றோரை மட்டும் வைத்துக்கொண்டார். 1932இல் அச்சிற்பங்கள் பெல்ஜியத்து இடுகாட்டில் நிறுவப்பெற்றன. மகன் வாழ்ந்தது பதினெட்டு ஆண்டுகள்; அவனுக்கான நினைவுச் சின்னம் உருப்பெறவும் ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின.

அச்சிற்பத்தில் வாளும் இல்லை, கொடியும் இல்லை. தந்தை கைகளை மார்போடு இறுக அணைத்து நிமிர்ந்து மண்டியிட்டுள்ளார். தாய் தலை கவிழ்ந்து குனிந்துள்ளார். இருவரும் தனித்தனிப் பீடங்களில் உள்ளனர். ஒருவர் துயரை மற்றவர் ஆற்ற இயலவில்லை. இளைஞரைக் காக்கத் தவறிய மூத்த தலைமுறை அவர்தம் கல்லறைமுன் மண்டியிட்டு மன்னிப்பு வேண்டுவது போல் அக்காட்சி விளங்குகிறது.

1918 அக்டோபரில், தோல்வி உறுதியான பின்னும் இளைஞரைக் களத்திற்கு அழைத்தார் ரிச்சர்ட் டேமல் என்னும் கவிஞர். அம்மையார் நாளிதழ் வாயிலாக அதனை மறுத்தார். விதைத் தானியத்தை அரைத்துவிட்டால் மறு விளைச்சல் ஏது என்னும் கருத்தை, கெதேயின் நூலினின்றும் எடுத்து எடுத்துரைத்தார். விதைநெல்லைக் குற்றி உண்ணும் குடி தழைக்காது என்பதை நம் உழவரும் அறிவர். அப்போரில் மாண்ட போர்வீரர் 90 இலட்சத்திற்கும் மேற்பட்டோர்.

1919இல் பிரஷ்யக் கலைக் கழகத்தில் உறுப்பினராகத் தேர்வுபெற்ற அம்மையாரை, 1933இல் நாஜி அரசு விலகச் செய்தது. மீண்டும் உலகப் போர் வந்தது. மாண்ட மகனின் பெயரையே தாங்கிய பேரன் பீட்டர் 1942இல் ருஷ்யப் போர்முனையில் மாண்டான். தம் இறுதிக் கற்பதிவுச் சித்திரத்தில், சிறுவர் மூவரைத் தன் கைகளுக்குள் பொத்திக் காக்கும் தாயை வரைந்து, விதைத் தானியக் கருத்தையே அதற்குத் தலைப்பாக்கினார். 1943இல் அவருடைய பெர்லின் இல்லம் குண்டுவீச்சில் அழிந்தது. 1945 ஏப்ரல் 22ஆம் நாள், ஐரோப்பாவில் போர் முடிய பதினாறு நாட்களே எஞ்சியிருக்க, மோரிட்ஸ்பர்க் என்னும் ஊரில் அவர் உயிர் நீத்தார்.

அப்பெற்றோர் சிற்பங்கள் இன்று விலாட்ஸ்லோ இடுகாட்டில் உள்ளன. அங்கே 25,000க்கும் மேற்பட்ட ஜெர்மானிய வீரர் துயில்கின்றனர். பீட்டரின் பெயர் தாங்கிய கல் அவற்றின் எதிரே கிடக்கிறது. மகனைப் போருக்கு வழியனுப்பிய தாயே போரின் விலையை உலகிற்கு உணர்த்தினார். மாண்டோரை எண்ணிக்கையால் அன்றி, அவர்களை இழந்தோரின் துயரால் நினைப்பதே மெய்யான நினைவு என்பதை அவர் வாழ்வு நமக்குக் கற்பிக்கின்றது.