ருடால்ப் ஷிண்ட்லர்

மனிதனது இரைப்பை வளைந்து கிடக்கும் இருட்குகை போன்றது. அதனுட் கண் செலுத்த விழைந்த வைத்தியர் முற்காலத்தில் நேரான உலோகக் குழாயையே கையாண்டனர். அது சிறிது பிசகினும் உணவுக்குழல் கிழிபட்டு நோயாளி மாளுதலுமுண்டு.

இவ்வபாயத்தைப் பெரிதுங் குறைத்தவர் ருடால்ப் ஷிண்ட்லர். 1888-ஆம் ஆண்டில் பெர்லின் நகரிற் பிறந்த இவர், மூனிச் நகரில் வைத்தியத் தொழில் புரிந்தார். இவர் முதலில் அமைத்த கருவியும் விறைத்ததே. அதன் குறையைத் தாமே கண்டு, கருவி செய்வதில் வல்லவரான கியார்க் வுல்ப் என்பவருடன் பல்லாண்டு உழைத்து, 1932-இல் நுனிப்பாகம் வளையுங் குழாயொன்றை முடித்தார். அதனுள் பல சிறு வில்லைகளை நெருங்க அடுக்கியதனால், குழாய் ஓரளவு வளைந்தபோதும் உருவம் சிதையாது கண்ணை எட்டிற்று. சோதனை வேளைகளில் நோயாளியின் தலையைத் தாங்கி நின்றவர் இவருடைய மனைவியார் காப்ரியேலே.

புகழ் வந்த காலத்தே துன்பமும் வந்தது. யூதத் தந்தைக்குப் பிறந்த இவர் நாஜி ஆட்சியிற் சிறைப்பட்டார். விடுதலை பெற்று 1934-இல் அமெரிக்கா சென்று, சிகாகோ நகரில் தம் கலையைப் பலருக்கும் கற்பித்தார், 1968-இல் காலமானார்.

இன்று சிறு துவாரத்தின் வழியே அரவென நெளிந்து சென்று சிகிச்சைக்குதவும் இயந்திரங்கள் தோன்றியுள்ளன. உடலை வளைக்க முயலாது கருவியே வளைதல் வேண்டுமென்று இவர் கண்ட நெறியே அவற்றிலும் விளங்குகின்றது.