நால்வரில் தொடங்கிய இல்லம்

நூற்றாண்டுக்கும் முற்பட்ட காலம் அது. பத்து வயது நிரம்பும் முன்னரே பெண் குழந்தைகளுக்கு மணம் செய்துவைக்கும் வழக்கம் நம் நாட்டில் பல குடும்பங்களில் இருந்தது. மணமகன் நோயுற்று இறந்துவிட்டால், அச்சிறுமி கைம்பெண் என்று ஒதுக்கப்பட்டாள். வண்ணச் சேலையும் பூவும் அவளுக்கு மறுக்கப்பட்டன. மங்கல நிகழ்ச்சிகளில் அவளுக்கு இடமில்லை. மறுமணமும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. அடுக்களையின் ஒரு மூலையே அவளது உலகமாயிற்று. இந்த நிலையைத் தாமும் எய்தி, அதிலிருந்து மீண்டு, பிறரையும் மீட்ட ஒருவர் சகோதரி சுப்பலட்சுமி.

சுப்பலட்சுமி 1886ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 18ஆம் நாள் சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர்; தாயார் விசாலாட்சி. தந்தையார் பொறியியல் பயின்றவர். அவருடைய முன்னோரின் ஊர் தஞ்சை மாவட்டத்திலுள்ள ரிஷியூர். சுப்பலட்சுமி ஒன்பதாம் வயதில் நான்காம் வகுப்பு அரசுத் தேர்வை எழுதிச் செங்கற்பட்டு மாவட்டத்திலேயே முதலிடம் பெற்றார். எனினும் குல வழக்கப்படி, ஏறத்தாழப் பதினோரு வயதில் அவருக்குத் திருமணம் நடந்தது. சின்னாட்களில் கணவர் காலமானார்.

ஊரார் எதிர்பார்த்தது ஒன்று. தந்தையார் செய்தது வேறொன்று. மகளை மூலையில் உட்காரவைக்க அவர் மனம் ஒப்பவில்லை. வீட்டிலேயே ஆங்கிலம் கற்பித்தார். பின்னர்க் கிறித்தவத் துறவுப் பெண்டிர் நடத்திய பள்ளிக்கு அனுப்பினார். உறவினரின் ஏச்சையும் பேச்சையும் அக்குடும்பம் பொறுத்துக்கொண்டது. தமக்கென எதுவும் வேண்டாது கற்பித்தலையே வாழ்வாகக் கொண்ட அத்துறவியரின் தொண்டு சுப்பலட்சுமியின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. 1911ஆம் ஆண்டு சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து இளங்கலைப் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண்மணி என்று அவர் போற்றப்பெறுகிறார்.

தமக்குக் கிடைத்த நல்வாய்ப்பு தம்மோடு முடிந்துவிடலாகாது என்று அவர் கருதினார். அந்நாளில் பெண்களுக்கான பள்ளிகளுக்கு ஆசிரியைகள் கிடைப்பது அரிதாக இருந்தது. ஆண் ஆசிரியரிடம் தம் பெண்களை அனுப்பப் பெற்றோர் பலர் தயங்கினர். மறுபுறம், கற்கும் வயதும் அறிவும் இருந்தும் இளங்கைம்பெண்கள் வீடுகளில் முடங்கிக் கிடந்தனர். இவ்விரு குறைகளையும் சுப்பலட்சுமி இணைத்துப் பார்த்தார். அவர்களைக் கற்பித்து ஆசிரியைகளாக்கினால், அவர்களுக்கு வாழ்வு கிடைக்கும். நாட்டுக்கு ஆசிரியைகள் கிடைப்பார்கள். அவர் மேற்கொண்ட பணி முழுவதற்கும் இவ்வெண்ணமே அடிப்படையாயிற்று.

1912ஆம் ஆண்டு சாரதா மகளிர் சங்கம் தோன்றியது. எழும்பூரில் தந்தையார் வீட்டிலேயே நான்கு இளங்கைம்பெண்களுடன் இல்லம் தொடங்கப்பட்டது. தாமும் இளமையில் கணவரை இழந்தவரான சிற்றன்னையார் இல்லத்தின் சமையலையும் நிருவாகத்தையும் கவனித்துக்கொண்டார். பெண்கள் பள்ளிகளின் ஆய்வாளராயிருந்த கிறிஸ்டினா லிஞ்ச் என்னும் அம்மையார் இம்முயற்சிக்குத் துணைநின்றார். அரசின் ஆதரவும் கிடைத்தது.

இல்லம் வளர, இடம் போதவில்லை. சில இடங்கள் மாறியபின், கடற்கரையிலிருந்த ஐஸ் ஹவுஸ் என்னும் பெரிய கட்டடம் இல்லத்திற்குக் கிடைத்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டிகளைச் சேமிக்க 1842ஆம் ஆண்டளவில் கட்டப்பட்டது அது. 1897ஆம் ஆண்டு சுவாமி விவேகானந்தர் அங்குத் தங்கியிருந்தார். பனிக்கட்டிக் கிடங்காகத் தோன்றிய மாளிகை, பின்னர்ப் பெண்களின் படிப்புக்கு இடமாயிற்று. இன்று அக்கட்டடம் விவேகானந்தர் இல்லம் என்று வழங்கப்பெறுகிறது. சென்னைக்குச் செல்வோர் மெரினா கடற்கரைச் சாலையில் அதனைக் காணலாம்.

இப்பணி எளிதாக நடைபெறவில்லை. பெண்களை இல்லத்துக்கு அனுப்பும்படி குடும்பத்தாரை இசைவிப்பதே பெரும்பாடாக இருந்தது. அவர்களுடைய அச்சத்தைப் போக்குவதற்காக, உணவிலும் வழிபாட்டிலும் அந்தணர் குல ஆசாரங்களை இல்லம் இம்மியும் பிசகாது காத்தது. தொடக்கத்தில் அக்குலத்துப் பெண்களே அங்குச் சேர்க்கப்பட்டனர். இதனால் பழைமை பேணுவோர் இல்லத்தைச் சற்றே நம்பினர். ஆனால் சீர்திருத்தம் விரும்பியோர், இது போதாது என்றனர். இருதரப்பாரின் குறையையும் கேட்டுக்கொண்டே சுப்பலட்சுமி நடந்தார். வழக்கத்தை ஒரே நாளில் எதிர்த்துக் கதவை அடைத்துக்கொள்வதைவிட, திறந்த கதவின் வழியே ஒரு பெண்ணையேனும் வெளியே கொணர்வது மேல் என்பது அவர் செயலில் விளங்கிய முறை. அதனால் பயன்பெற்றோர் பலர். அதன் எல்லைக்கு அப்பால் நின்றோரும் பலர். இரண்டையும் சேர்த்தே நாம் அறிதல் வேண்டும்.

அவ்வெல்லையை விரிக்கும் பணிகளும் தொடர்ந்தன. 1922ஆம் ஆண்டு ஆசிரியைகளுக்கான லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பட்டது; சுப்பலட்சுமி அதன் முதல்வரானார். சாரதா மகளிர் சங்கத்தின் சார்பில் சாரதா வித்தியாலயம் என்னும் பள்ளி தோன்றியது. பிள்ளை மணமே கைம்மைக்கு வேர் என்பதை உணர்ந்த அவர், அது குறித்து ஆராய அமைக்கப்பட்ட ஜோஷி குழுவின்முன் தம் கருத்தை எடுத்துரைத்தார். 1930ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டம், பெண்ணுக்கு 14 வயதும் ஆணுக்கு 18 வயதும் நிறையுமுன் மணம் செய்விக்கலாகாது என்று விதித்தது.

அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின்னரும் அவர் ஓயவில்லை. பள்ளி வயதில் படிக்க இயலாமற்போன பெண்களை அவர் மறக்கவில்லை. அத்தகைய வளர்ந்த மகளிருக்காக 1942ஆம் ஆண்டு மயிலாப்பூரில் ஸ்ரீவித்யா கலாநிலையம் என்னும் பள்ளியை நிறுவினார். குழந்தைகளோடு ஒரே வகுப்பில் அமர நாணியவர்களுக்கும் அங்கே எழுதுகோல் பிடிக்க வழி பிறந்தது.

நகரத்துப் பள்ளி எத்துணைச் சிறந்ததாயினும், சிற்றூர்ப் பெண்ணுக்கு அது தொலைவே. வயல் வேலையும் வீட்டு வேலையும் குழந்தை வளர்ப்பும் அவளை ஊரைவிட்டு அகலவிடுவதில்லை. ஆகவே தொண்டே அவளை நாடிச் செல்ல வேண்டியதாயிற்று. 1954ஆம் ஆண்டு, தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கம் என்னும் சிற்றூரில், பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான சமூகநல மையம் ஒன்றை அவர் அமைத்தார். அப்போது அவருக்கு வயது அறுபத்தெட்டு.

1952 முதல் 1956 வரை சென்னைச் சட்டமன்ற மேலவையின் நியமன உறுப்பினராக விளங்கினார். 1958ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது. 1969ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 20ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார்.

பெருஞ்செல்வம் சேர்த்துக்கொண்டு அவர் பணியைத் தொடங்கவில்லை. கையிலிருந்தவை ஒரு வீடும் குடும்பத்தாரின் துணையும் தாம் பெற்ற கல்வியுமே. ஆனால் அங்குக் கற்ற ஒரு பெண் ஆசிரியையாகி ஒரு வகுப்பில் நின்றபோது, அவளெதிரே பல சிறுமியர் அமர்ந்திருந்தனர். அச்சிறுமியருள் சிலர் நாளை ஆசிரியைகளாவர். எழும்பூர் வீட்டின் நால்வர் கணக்கு இவ்வாறே பெருகிற்று.

சிந்தித்து விடையளிக்க:

1. சுப்பலட்சுமி இணைத்துப் பார்த்த இரண்டு குறைகள் யாவை?
2. இல்லத்தின் கட்டுப்பாடுகளைப் பற்றி இருதரப்பாரும் கொண்டிருந்த கருத்துகளை எழுதுக. உம் கருத்து யாது?
3. உம் வீட்டில் அல்லது அண்டையில் படிப்பை இடையில் நிறுத்திய பெண் ஒருவரிடம் உரையாடுக. அவர் மீண்டும் கற்க எவை தேவை என்பதை ஐந்து வரிகளில் எழுதுக.